உடன்குடிக்காரர் அந்த வீட்டில் இருந்த நாட்கள்



போன வாரம் திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடிக்கு பஸ்ஸில் வந்தேன். ஆத்தூரில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் ஏறினார்கள். ஏறும்போதே பிக் பாஸ் பேச்சு. "நம்பித்தான சொன்னா? அதப் போய் எல்லாருக்கும் முன்னாடி சொல்லுதான்!" என்று மடியில் ரெக்கார்டு நோட்டோடு ஒரு பெண் கொதித்தாள். "விளையாட்டுன்னா அப்படித்தான்" என்றான் பக்கத்தில் நின்ற பையன். பழையகாயல் தாண்டியும் விடவில்லை. ஒருவர் நம்பிச் சொன்னதை வெளியே சொல்லலாமா என்று இத்தனை அக்கறையாக இளையவர்கள் வாதாடி நான் கேட்டு நாளாயிற்று. வேலையற்ற வேலை என்று அதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

2017 ஜூனில் கமல்ஹாசன் தொகுத்து வழங்க விஜய் டிவியில் தொடங்கிய நிகழ்ச்சி. அந்த ஆண்டு போட்டியாளர் ஓவியாவுக்காக விடுதிகளே இரண்டுபட்டன. ஆனால் நம் கரைக்கு அது சொந்தமானது 2022 அக்டோபரில்தான். உடன்குடி ஜி.பி.முத்து போட்டியாளராக பிக் பாஸ் வீட்டுக்குள் போனார். மரவேலை பார்த்தவர், டிக்டாக்கிலும் யூடியூபிலும் பேர் வாங்கியவர். அந்தப் பளபளப்பான வீட்டுக்குள் நம் பேச்சு கேட்டது. வாயைத் திறந்தாலே எந்த ஊர் என்று வெளியூர் வகுப்புகளில் கேலிக்கு ஆளாகும் நம் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு!

பிலிப்பைன்ஸிலும் இதே மாதிரி நிகழ்ச்சி உண்டு. கப்பலில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அந்த நாட்டுக்காரர்கள் பழகியவர்கள். அங்கே 2005 முதல் 'பினாய் பிக் பிரதர்' ஓடுகிறது. முகம் காட்டாமல் போட்டியாளர்களுக்குக் கட்டளையிடும் பிக் பாஸ் குரலை அங்கே 'குயா' என்பார்கள். அண்ணன் என்று பொருள். எனக்கு அந்த முறை பிடித்திருக்கிறது.

கவலையும் உண்டு. ஒரு நாள் முழுக்க நடந்ததை வெட்டி ஒட்டித்தான் ஒரு மணி நேரமாகக் காட்டுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு போட்டியிடும் பெண்களை இணையத்தில் வாய்க்கு வந்தபடி ஏசுவது கொடுமை. பிள்ளைகளே, அதை மட்டும் செய்யாதீர்கள்.

முத்து அங்கே நிலைக்கவில்லை. பிள்ளை நினைப்பு தாங்காமல் இரண்டே வாரத்தில் கிளம்பிவிட்டார். அன்றைய நிகழ்ச்சியை விடுதியில் டம்ளரில் சாய்த்துவைத்த ஒரே செல்போனில் எட்டுப் பேர் பார்த்ததாக நம் வாசகி ஒருவர் என்னிடம் சொன்னார். முடிந்ததும் யாரும் பேசவில்லையாம். அவர் வராந்தாவுக்கு வந்து வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறார். உப்பளத்துக்கு விடியுமுன் போகவேண்டிய அப்பா தூக்கத்தில் எடுத்து, "என்னம்மா, இந்நேரத்துல?" என்றாராம்.

"சும்மாதான்ப்பா."

அன்புடன்,
ஆசிரியர்