அலிமுதீன் தெரு தவறவிட்ட கணக்கு

2004 மக்களவைத் தேர்தலில் மேற்கு வங்கத்தின் 42 தொகுதிகளில் 35ஐ இடது முன்னணி அள்ளியது. திரிணமூல் காங்கிரஸ் சார்பில் தேறியவர் தெற்கு கொல்கத்தாவில் நின்ற அதன் தலைவர் மம்தா பானர்ஜி மட்டுமே. நாடு முழுக்க இடதுசாரிகளுக்கு 59 இடங்கள். அவர்கள் கைகொடுக்காமல் மன்மோகன் சிங் அரசு அமைந்திருக்காது. ஆனாலும் அமைச்சர் பதவி வேண்டாம் என்றார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் போல்பூர் எம்.பி. சோம்நாத் சாட்டர்ஜி சபாநாயகர் ஆனார். மற்றபடி வெளியிலிருந்து ஆதரவு. அதே நாட்களில் 16 எம்.பி.க்களை வைத்திருந்த திமுக, கேட்ட இலாகா வரவில்லை என்று முறுக்கிக்கொண்டு நின்றது தமிழர்களுக்கு மறந்திருக்காது.

கொல்கத்தாவின் அலிமுதீன் தெருவில் மாநிலத் தலைமையகம் வைத்திருக்கும் மார்க்சிஸ்ட்டுகளின் வாதம் பழையது. 1996இல் ஜோதிபாசுவைத் தேடிவந்த பிரதமர் நாற்காலியையும் கட்சியின் மத்தியக் குழு இதே காரணத்துக்காகத்தான் மறுத்தது: கொள்கை நம் கையில் இல்லாத அரசில் பழி மட்டும் நமக்கு மிஞ்சும். ‘வரலாற்றுப் பிழை’ என்று பாசுவே பின்னாளில் சொன்னார்.

வெளியே நின்றதால் பலனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தகவல் உரிமைச் சட்டமும் ஊரக வேலை உறுதிச் சட்டமும் 2005இல் வந்ததில் இடதுசாரிகளின் அழுத்தத்துக்குப் பங்குண்டு. பெல் நிறுவனப் பங்கு விற்பனையும் அவர்களால் நின்றது. ஆனால், 2006இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனப் பங்கு விற்பனையைக் கருணாநிதி நிறுத்தியபோது திமுக அமைச்சரவைக்குள்தான் இருந்தது. தடுப்பதற்கு வெளியே நின்றே ஆக வேண்டும் என்பதில்லை.

வினை 2008 ஜூலையில் வந்தது. அமெரிக்காவுடனான அணு ஒப்பந்தத்தை எதிர்த்து இடதுசாரிகள் ஆதரவை விலக்கினார்கள். ஜூலை 22 வாக்கெடுப்பில் அரசு 275-256 என்று பிழைத்தது. பதவி விலக மறுத்த சோம்நாத்தை மறுநாளே கட்சி நீக்கியது. தோல்வியைவிட அதன் பின்விளைவுதான் பெரிது. இடதுசாரிகளின் தயவு தேவைப்பட்டவரை காங்கிரஸால் வங்கத்தில் மம்தாவோடு கைகோக்க முடியவில்லை. அந்தக் கட்டை இடதுசாரிகளே அவிழ்த்துவிட்டார்கள். சிங்கூரில் தொழிற்சாலைக்காக எடுத்த நிலத்தாலும் நந்திகிராமத்தில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டாலும் கிராமங்கள் கொதித்துக்கொண்டிருந்த நேரம் வேறு. அங்கே யாருக்கு அணு ஒப்பந்தம் பற்றிக் கவலை?

2009இல் மம்தாவும் காங்கிரஸும் சேர்ந்து நின்றார்கள். திரிணமூலுக்கு 19, காங்கிரஸுக்கு 6, இடது முன்னணிக்கு 15. மம்தா ரயில்வேயைக் கேட்டு வாங்கினார். வங்கத்துக்குப் புதிய ரயில்களும் திட்டங்களும் அறிவித்தபடியே 2011 சட்டமன்றத் தேர்தலுக்கு வந்து சேர்ந்தார். 34 ஆண்டுக்கால இடது முன்னணி ஆட்சி அதோடு முடிந்தது. காரியம் முடிந்த மறு ஆண்டே, சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டைக் காட்டி அவரும் மன்மோகன் சிங்கை விட்டு விலகினார். அப்போது மாநிலத் தலைமைச் செயலகமாக இருந்த ரைட்டர்ஸ் கட்டடம் அவர் கையில் இருந்தது.