ஆச்சியிடம் கேட்டீர்களா?



சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்துக்குப் பக்கத்திலுள்ள இலஞ்சிக்கு வருகிறவர்கள் முருகன் கோயிலில் குமாரரைக் கும்பிட்டுவிட்டு, வயற்காற்றை வாங்கிக்கொண்டு குற்றாலம் போய்விடுவார்கள். ஊருக்குள் இருக்கும் வயதானவர்களுக்கோ அந்த மாதங்கள் பயம். முற்றத்திலும் கிணற்றடியிலும் பாசி பிடித்துக் கிடக்கும். கால் வழுக்கினால் இடுப்பெலும்பு போச்சு. பிள்ளைகள் சென்னை, பெங்களூர், வளைகுடா என்று இருக்க, அப்படி ஒருமுறை விழுந்த பிறகுதான் “பார்த்துக்கொள்ள ஆள் போடலாமா?” என்ற பேச்சே எழுகிறது. பேச்சு நடப்பது பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில். யாருக்காக ஆள் வருகிறாரோ, அந்த ஆச்சிக்குத்தான் கடைசியில் தெரியவரும்.

ஐம்பது வருஷம் தன் அடுப்படியைத் தானே ஆண்டவர், முன்பின் தெரியாத ஒருத்தி வந்து உப்பு டப்பாவை இடம் மாற்றி வைப்பதை எப்படிப் பொறுப்பார்? வந்தவர் நாலாம் நாளே போய்விட்டால் “அம்மா ஒத்துழைக்கவில்லை” என்கிறோம். முதலில் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். குளிக்கத் துணை வேண்டுமா, ராத்திரி மட்டும் ஒருவர் படுத்திருந்தால் போதுமா, சமையல் யார் கையில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அவரே சொல்வார்.

அடுத்து, என்ன வேலைக்கு ஆள் என்பது. மூக்குக் குழாய் வழியே உணவு கொடுப்பது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, ஊசி போடுவது எல்லாம் பயிற்சி பெற்ற செவிலியரின் வேலை. குளிப்பாட்டவும் கைபிடித்து நடத்தவும் வேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கவும் பொறுமையுள்ள ஓர் உதவியாளர் போதும். ஏஜென்சியிடம் பேசும்போதே இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சம்பளமும் அதைப் பொறுத்துத்தான்.

நம் வீடுகளில் பெரும் அநியாயம் நடப்பது ‘இருபத்துநாலு மணி நேரமும்’ என்று ஒரே ஆளிடம் பேசி முடிப்பதில்தான். படுக்கையில் இருப்பவரைப் புண் வராமல் காக்க, ராத்திரியிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். அதைச் செய்கிறவர் எப்போது தூங்குவார்? அவர் இழப்பது தூக்கத்தை மட்டுமல்ல. பீடி சுற்றுவதென்றால் இந்த வட்டாரத்துப் பெண்கள் தங்கள் வீட்டுத் திண்ணையிலேயே, பிள்ளைகளையும் மாமியாரையும் பார்த்துக்கொண்டே செய்துவிடலாம். தங்கிப் பார்க்கிற வேலைக்கு வருகிறவர் அவர்களையெல்லாம் விட்டுவிட்டு வருகிறார். அவருக்குப் படுக்க ஓர் இடம், வாரம் ஒருநாள் விடுப்பு, அந்த ஒருநாளைக்கு மாற்று ஆள், சம்பளத் தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி நீங்களும் அவரும் கையெழுத்துப் போடுங்கள். கூடத்தில் கேமரா வைப்பதென்றால் அதையும் ஆச்சியிடமும் அவரிடமும் சொல்லிவிட்டே வையுங்கள். (வெளியூரிலிருந்து கேமராவைப் பார்த்துக்கொண்டே அதட்டுகிற மகன்களை எனக்குப் பிடிக்காது.)

இருவருக்கும் சட்டத்தின் துணையும் உண்டு. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது 2007இல். கவனிக்காத பிள்ளைகள் மீது பெற்றோர் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். அதே 2007இல்தான் தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று நல வாரியமும் அமைந்தது. முன்னதைப் பலரும் அறிவோம். நம் அம்மாவைக் குளிப்பாட்டுகிறவரை அந்த வாரியத்தில் பதிந்துகொள்ளச் சொன்னவர்கள் நம்மில் எத்தனை பேர்?

எல்லாவற்றுக்கும் ஆள் போடவும் வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. இயன்முறைச் சிகிச்சையும் படுக்கையில் இருப்போருக்கான வலிநிவாரணப் பராமரிப்பும் அதில் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முதியோர் உதவி எண் 14567, கட்டணம் இல்லை.

பெற்றோருக்கு ஆள் வைத்த அனுபவத்தை எங்களுக்கு எழுதுங்கள். ஆளாகப் போய் வேலை பார்க்கிறவர்களும் அவசியம் எழுத வேண்டும். எழுத நேரமில்லை என்றால், நீங்கள் பார்த்துக்கொள்ளும் ஆச்சியின் பேத்தியிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். பெயர் போடாமல் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்