பாட்டும் பாடும்: ஒரு கருவியை மதிப்பிடல்

இசையும் படமும் ஒருங்கே தரும் கையடக்கக் கருவிகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மூன்று கேள்விகளோடு நிறுத்திக்கொள்கின்றனர்: எத்தனை பாடல்கள் கொள்ளும், திரை எவ்வளவு பெரிது, மின்கலம் எத்தனை மணிநேரம் தாங்கும். இக்கேள்விகள் தவறானவை அல்ல; போதாதவை என்பதே எங்கள் எண்ணம். ஒரு கருவியின் தரம் அது பயன்படும் இடத்தில்தான் தெரியவரும். குளிரூட்டிய அறையில் அமர்ந்து எழுதும் மதிப்பீடு ஏரியின் நடுவே செல்லுபடியாவதில்லை. இதை எங்களுக்கு உணர்த்திய ஊர் தோணிரேவு.

முதலில் சற்று வரலாறு. சோனியின் வாக்மன் 1979இல் வந்தபோதுதான் நடந்துகொண்டே தனித்துப் பாட்டுக் கேட்கும் பழக்கம் பரவலாயிற்று. 1998இல் தென்கொரியாவின் எம்பிமேன் வந்தது. அதே ஆண்டு அமெரிக்கக் கடைகளுக்கு வந்த ரியோ பிஎம்பி300 கருவியின் கொள்ளளவு 32 மெகாபைட், அதாவது ஏறத்தாழ அரைமணி நேரப் பாட்டு. 2001 அக்டோபரில் ஆப்பிளின் ஐபாட் 5 ஜிகாபைட் வட்டில் ஆயிரம் பாடல்களைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்தது. 2005 அக்டோபரில் வந்த அதன் ஐந்தாம் தலைமுறை படமும் காட்டியது. 2022 மே மாதத்தில் ஐபாட் வரிசையே முடிவுக்கு வந்தது. ஒரு பொருள் பிறந்து, ஆண்டு, மறைய இருபது ஆண்டுகள் போதுமாயிருக்கின்றன.

ஐபாட் வாங்கும் வசதி எங்களுக்கு இருக்கவில்லை. சென்னை ரிச்சி தெருவில் 'எம்பி4 பிளேயர்' என்ற பெயரில் கூவி விற்கப்பட்ட, பெயர் நினைவில் நில்லாத ஒரு கருவியை 2007 வாக்கில் நண்பர்கள் சேர்ந்து வாங்கினோம். ஒரு ஜிகாபைட், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய திரை, வானொலி, ஒலிப்பதிவு. படத்தை அதற்கே உரிய வடிவத்துக்கு மாற்றி ஏற்ற வேண்டும். ஒரு பாட்டுக் காட்சியை மாற்றுவதற்குள் அந்தப் பாட்டின் மேல் இருந்த ஆசையே தீர்ந்துவிடும்.

அக்கருவியோடுதான் தோணிரேவுக்குப் போனோம். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் உள்ளது பழவேற்காடு. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது பழவேற்காட்டு ஏரி. அதன் கரையில் மீன்பிடித்து வாழும் சிற்றூர்களில் ஒன்று தோணிரேவு. இவ்வேரிப் பகுதியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. இறால் நன்கு கிடைக்கும் இடங்களை வலிமையுள்ளவன் கைப்பற்றிக்கொள்ளாமல், சீட்டுப் போட்டு, முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாடு அது. அச்சொல்லை முதன்முதலில் கேட்டபோது, பாட்டுப் பெட்டியைக் கையில் வைத்திருந்த எங்கள் காதில் அது ஏவலாக விழுந்தது. பிழைதான்; ஆயினும் அந்தப் பிழையை நாங்கள் இன்றளவும் விரும்புகிறோம்.

படகில் ஏறிய பத்தாம் நிமிடத்தில் கருவியின் திரை தோற்றது. நடுப்பகல் வெயிலும் நீரின் மினுமினுப்பும் சேர்ந்து படத்தை முற்றாக விழுங்கிவிட்டன. உப்புக்காற்றும் ஈரக்கையும் பொத்தான்களுக்கு ஆகவில்லை. செவிப்பொறியை மாட்டிக்கொண்ட எங்களில் ஒருவரைப் பார்த்துப் படகோட்டிய பெரியவர் சொன்னார்: "ரெண்டு காதையும் அடச்சிக்கினா தண்ணி பேசறது எப்படி தம்பி கேக்கும்?" கருவிகளைப் பற்றி நாங்கள் படித்த எந்த மதிப்புரையிலும் இவ்வளவு கூர்மையான வாக்கியம் இல்லை. உழைப்பவனுக்குக் காது இன்பத்துக்கு மட்டுமான உறுப்பு அன்று, அது தொழிற்கருவியும்கூட. ஆகவே ஏரியில் தேவைப்படுவது சிறியதாயினும் தெளிவான ஒலிபெருக்கி. கரையில் பனையோலைப் பெட்டி முடையும் பெண்களுக்கும் அதுவே பொருந்தும். கை முடங்கியிருக்க, பாட்டு நாலுபேருக்குப் பொதுவாக ஒலிக்க வேண்டும்.

வானொலியையும் குறைத்து மதிப்பிடலாகாது. ஏரிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் 2002 செப்டம்பர் 12 அன்று வானிலைக்கெனவே அமைந்த செயற்கைக்கோள் ஏவப்பட்டது. பின்னர் அதற்குக் கல்பனா-1 என்று பெயரிட்டனர். மேலிருந்து பார்த்த மேகம் மீனவனுக்கு எச்சரிக்கையாக வந்து சேரும் வழிகளுள் வானொலி முக்கியமானது. ஆயிரம் பாடல்களைச் சுமந்த ஐபாட் நானோவிலோ 2009இல்தான் வானொலி இடம்பெற்றது. நகரத்துக்கு அது குறையில்லை, இங்கே குறை.

அடுத்தது மொழி. இக்கருவிகள் பாட்டைப் 'பாடகர், தொகுப்பு, பாடல்' என்று அடுக்குகின்றன. நமக்கோ திரைப்பாட்டு என்றால் படமும் இசையமைப்பாளரும் முதலில். கருநாடக இசை என்றால் இராகமும் இயற்றியவரும் வேண்டும். தெருக்கூத்துக்கு இவற்றில் எந்த அறையும் பொருந்தாது. போதாக்குறைக்கு, அன்றைய மலிவுக் கருவிகளில் தமிழ் எழுத்துகள் கட்டங்களாகத் தெரிந்தன. தெரிந்தாலும் கொம்பும் காலும் தனித்தனியே நின்றன. நம் பாட்டின் பெயரை நம் எழுத்தில் காட்டத் தெரியாத கருவிக்கு எப்படி முழு மதிப்பெண் இடுவது?

2017இல் சரிகம நிறுவனம் கொணர்ந்த கார்வான், இந்தக் கோணத்தில் பார்த்தால், ஐபாடைவிட நம் வாழ்வுக்கு நெருக்கமானது. பழைய டிரான்சிஸ்டரின் சாயல், ஒலிபெருக்கி, வானொலி, முன்னரே நிரப்பிய பாடல்கள். திரையைத் தடவிப் பழகாத முதியவர்களும் குமிழைத் திருப்பிக் கேட்கின்றனர். ஆனால் அப்பாடல்கள் நிறுவனம் தேர்ந்து, நிறுவனத்தின் உரிமையில் இருப்பவை. கிராமபோன் தட்டுக்கு ஏறாத பாட்டு அதனுள்ளும் ஏறாது.

இங்கேதான் நாங்கள் சொல்ல வந்த செய்தி இருக்கிறது. வலை இழுக்கும்போதும் துடுப்பு வலிக்கும்போதும் தமிழ் மீனவர்கள் பாடிவந்தவை அம்பாப் பாடல்கள். ஒருவர் அடியெடுக்க, மற்றவர்கள் ஏற்றுப் பாட, பாட்டின் தாளமே இழுப்பின் தாளமாகும். இயந்திரப் படகின் இரைச்சலில் அப்பாட்டுக்கு வேலை இல்லாமற் போயிற்று. அன்று மாலை, படகைக் கரையேற்றிய பின், அதே பெரியவர் கேட்டுக்கொண்டதன் பேரில் ஏறத்தாழ இருபது நிமிடம் பாடினார். கருவியின் ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்தினோம். கோப்புக்கு அது தானே ஓர் எண்ணை இட்டுக்கொண்டது. நாங்கள் பெயர் மாற்றவில்லை. ஊரையும் நாளையும் குறிக்கவில்லை.

சில வாரங்களுக்குப் பிறகு ஒரு திரைப்படத்தை ஏற்ற இடம் போதவில்லை. எண் மட்டுமே தாங்கிய கோப்புகளை அழித்தோம். அவற்றுள் அந்த இருபது நிமிடமும் இருந்தது. எந்தப் படத்துக்காக அழித்தோம் என்பதுகூட இன்று எங்கள் நினைவில் இல்லை. பெரியவரின் குரலில் ஓர் இடம், மூச்சு வாங்கி மீண்டும் எடுத்த இடம், நினைவில் இருக்கிறது. அதைப் பிறருக்குக் கேட்கச் செய்ய எங்களிடம் வழியில்லை.

கருவியைக் குறைசொல்லித் தப்பிக்க நாங்கள் விரும்பவில்லை. அது தன் கடமையைச் செய்தது. கேட்பதற்கே பழகிய நாங்கள், பதிவதைப் பொழுதுபோக்காகக் கருதினோம். ஏரியின் இடத்தை முறைவைத்துப் பகிரத் தெரிந்த மக்களின் பாட்டுக்கு ஒரு ஜிகாபைட்டில் ஒரு முறைகூட எங்களால் ஒதுக்க முடியவில்லை.

இன்று தனிக்கருவியின் இடத்தைக் கைப்பேசி பெரும்பாலும் எடுத்துக்கொண்டுவிட்டது. எம்பி3 வடிவத்துக்கான உரிமக் கட்டுப்பாடும் 2017இல் முடிந்துவிட்டது. எனவே எங்கள் மதிப்பீட்டு அளவைகளை, எக்கருவிக்கும் பொருந்துமாறு, சுருங்கச் சொல்லிவிடுகிறோம். நாலுபேர் கேட்குமாறு ஒலிக்கிறதா? தமிழைப் பிழையின்றிக் காட்டுகிறதா? வானொலி உண்டா? குரலைத் தெளிவாகப் பதிந்து, பொது வடிவத்தில் வெளியே எடுக்க விடுகிறதா? இந்நான்கும் தேறிய பிறகு திரையின் அளவைப் பேசலாம்.

கருவியை வாங்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் ஊரில் பாடத் தெரிந்த முதியவர் எவரேனும் இருப்பார். இசைவு பெற்றுப் பதியுங்கள். பெயர், ஊர், நாள் எழுதுங்கள். படி ஒன்றை வேறிடத்தில் வையுங்கள். இன்னொன்றைப் பாடியவர் வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். ஆயிரம் பாடல்கள் எங்கும் கிடைக்கும். அந்த ஒன்று அங்கே மட்டுமே கிடைக்கும்.