கழன்ற நட்டும் கைகழுவிய நிறுவனங்களும்

லண்டனுக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், ஹெர்ட்ஃபோர்டுஷயரில் உள்ளது பாட்டர்ஸ் பார் என்னும் சிறு நகரம். அதன் ரயில் நிலையம் 1850இல் திறக்கப்பட்டது. காலையில் லண்டன் கிங்ஸ் கிராஸ் நோக்கி வேலைக்குச் செல்வோரும் மாலையில் வீடு திரும்புவோருமே அதன் அன்றாடப் பயணிகள். சிறப்பென்று சொல்ல ஏதுமில்லாத அந்த நிலையம், ரயில்வே தனியார்மயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகறிந்த சான்றாக நிற்கிறது.

2002 மே 10 அன்று பிற்பகல், கிங்ஸ் கிராஸிலிருந்து கிங்ஸ் லின் சென்ற ரயில் முழு வேகத்தில் அந்நிலையத்தை நெருங்கியது. நிலையத்துக்குச் சற்று முன்னால், வண்டிகளைத் தடம் மாற்றும் ‘பாயிண்ட்’ அமைப்பு வண்டி கடந்துகொண்டிருக்கும்போதே நிலைகுலைந்தது. முதல் மூன்று பெட்டிகள் தப்பிச் சென்றன. கடைசிப் பெட்டி தடம் புரண்டு, பக்கவாட்டில் புரண்டபடி நடைமேடைகளின் மீது பாய்ந்து கூரைக்கடியில் சிக்கிக்கொண்டது. பெட்டியில் இருந்த ஆறு பேர் உயிரிழந்தனர். பாலத்திலிருந்து சிதறிய இடிபாடுகள் விழுந்ததில், கீழே சாலையில் நடந்து சென்ற ஒரு பெண்மணியும் மாண்டார். 70க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

காரணம் மிகச் சிறியது. தண்டவாளங்களை உரிய இடைவெளியில் பிடித்து நிறுத்தும் இணைப்புக் கம்பிகளின் நட்டுகள் கழன்று கிடந்தன. முந்தைய நாள் இரவே, அவ்விடத்தில் வண்டி முரட்டுத்தனமாக அதிர்வதாகப் புகார் வந்தது. பார்வையிட அனுப்பப்பட்டவர்களுக்குத் தெளிவான தகவல் போய்ச் சேரவில்லை. அவர்கள் நிலையத்தின் வேறொரு முனையைப் பார்த்துவிட்டுத் திரும்பினர். ஒரு நட்டை முடுக்கிவிட ஓர் ஊழியர் போதும். ஆனால் அந்த நட்டுக்கு யார் பொறுப்பு என்பதே சிக்கலாக்கப்பட்டிருந்தது.

1948இல் நாட்டுடைமையாக்கப்பட்ட பிரிட்டிஷ் ரயில்வே, ஜான் மேஜரின் கன்சர்வேடிவ் அரசு கொண்டுவந்த 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏறக்குறைய நூறு துண்டுகளாக உடைக்கப்பட்டது. தண்டவாளமும் சிக்னலும் ரயில்டிராக் என்ற நிறுவனத்துக்குச் சென்றன. 1996இல் அதன் பங்குகள் சந்தையில் விற்கப்பட்டன. வண்டி ஓட்டுவது வேறு நிறுவனங்கள். பெட்டிகளை வாடகைக்கு விடுவது வேறு நிறுவனங்கள். தண்டவாளப் பராமரிப்போ ஒப்பந்ததாரர்களுக்கு விடப்பட்டது. அவர்கள் துணை ஒப்பந்ததாரர்களைப் பிடித்தனர். பாட்டர்ஸ் பார் பகுதியின் பராமரிப்பு ஜார்விஸ் என்ற நிறுவனத்திடம் இருந்தது. ஒரே பாதையை அறிந்து, ஒரே நிர்வாகத்தின் கீழ் வேலை செய்த தொழிலாளர் அணிகள் கலைந்தன. ஒவ்வொரு தவறுக்கும் யார் பணம் கொடுப்பது என்று வாதிடுவதே முழுநேரப் பணியாயிற்று.

இதே தடத்தில், சில கிலோமீட்டர் வடக்கே ஹேட்ஃபீல்டில், 2000 அக்டோபரில் விரிசல் விட்டிருந்த தண்டவாளம் நொறுங்கி நால்வர் உயிரிழந்தனர். அந்த விரிசல் முன்பே தெரிந்ததுதான். அதன்பின் நெருக்கடியில் சிக்கிய ரயில்டிராக்கை 2001 அக்டோபரில் அரசு திவால் நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தது. ஆயினும் பராமரிப்பு ஒப்பந்தங்கள் அப்படியே தொடர்ந்தன. ஏழே மாதங்களில் பாட்டர்ஸ் பார் விபத்து நிகழ்ந்தது.

அடுத்து நடந்தது இன்னும் கொடுமையானது. நாசவேலையாக இருக்கலாம் என்று ஜார்விஸ் கூறியது. அதற்குச் சான்று எதுவும் விசாரணையில் கிடைக்கவில்லை. இழப்பீட்டுப் பொறுப்பு ஏற்கப்பட்டது 2004இல்தான். 2010இல் ஜார்விஸ் திவாலானது. திவாலான நிறுவனத்தின் மீது வழக்கு நடத்துவதில் பொதுநலன் இல்லை எனக் கூறி, அதன் மீதான நடவடிக்கை கைவிடப்பட்டது. ரயில்டிராக்கின் இடத்துக்கு வந்திருந்த நெட்வொர்க் ரயில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2011இல் அதற்கு 30 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. அரசு மானியத்தில் இயங்கும் அமைப்பு அது. லாபம் தனியாருக்குப் போயிற்று. தண்டனைத் தொகை மக்கள் தலையில் விழுந்தது.

ஏழு உயிர்களுக்குப் பிறகு ஒரு மாற்றம் வந்தது. 2003 அக்டோபரில் தண்டவாளப் பராமரிப்பு முழுவதையும் ஒப்பந்ததாரர்களிடமிருந்து நெட்வொர்க் ரயில் தன் கைக்கு எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் நேரடி ஊழியர்களாயினர். தனியார்மயத்தின் தாயகத்திலேயே, தனியார்மயத்தை அரவணைத்த டோனி பிளேரின் ஆட்சிக் காலத்திலேயே இது நடந்தது என்பது கவனிக்கத்தக்கது.

உடைமை மாறினால் மட்டும் போதுமா? போதாது. 2007இல் கிரேரிக் என்னுமிடத்தில் மீண்டும் ஒரு பாயிண்ட் பழுதானது. பயணி ஒருவர் உயிரிழந்தார். உரிய நேரத்தில் நடக்க வேண்டிய ஆய்வு ஒன்று நடக்காமல் போயிருந்தது. பொது நிர்வாகமும் ஆட்களைக் குறைத்து, ஆய்வைச் சுருக்கினால் விளைவு அதுவே. 2022இல் பிரிட்டன் ரயில் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தங்களின் கோரிக்கைகளில், பராமரிப்புப் பணியிடங்களை வெட்டாதே என்பதும் ஒன்று. அது அவர்களின் வேலையைக் காக்கும் கோரிக்கை மட்டுமல்ல, பயணியின் உயிரைக் காக்கும் கோரிக்கையுமாகும்.

2024ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அங்கே வண்டி ஓட்டும் நிறுவனங்களும் ஒவ்வொன்றாகப் பொதுத்துறைக்குத் திரும்புகின்றன. 2025 மே மாதம் சவுத் வெஸ்டர்ன் ரயில்வேயில் அது தொடங்கியது. எனினும் பெட்டிகளை வாடகைக்கு விடும் நிறுவனங்கள் தனியார் வசமே நீடிக்கின்றன. பாதி வழியில் நிற்கும் சீர்திருத்தம் அது.

முப்பதாண்டுகளில் பிரிட்டன் பெரும் விலை கொடுத்துத் திரும்பிவரும் அதே பாதையில்தான் ஒன்றிய அரசு இந்திய ரயில்வேயை ஓட்டிச் செல்கிறது. 2020இல் 109 வழித்தடங்களில் 151 தனியார் ரயில்களை இயக்க அழைப்பு விடப்பட்டது. முதலாளிகளுக்குப் போதிய லாபம் தெரியாததால் அது முடங்கியது. 2021இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பணமாக்கல் திட்டத்தில் 400 ரயில் நிலையங்கள் இடம்பெற்றன. மறுபுறம், 2022இல் வெளியான தணிக்கை அறிக்கை, தண்டவாளப் பதிவு வண்டிகள் மூலம் நடக்க வேண்டிய ஆய்வுகளில் 30 முதல் 100 விழுக்காடு வரை பற்றாக்குறை இருந்ததைச் சுட்டிக்காட்டியது. நிலையத்துக்குப் பளிங்கு முகப்பு கிடைக்கிறது. தண்டவாளத்துக்கு ஆய்வு கிடைப்பதில்லை.

பாதுகாப்புப் பணியிடங்கள் அனைத்தும் நிரப்பப்பட வேண்டும். தண்டவாளம், சிக்னல் பராமரிப்பை ஒப்பந்தத்துக்கு விடுவது நிறுத்தப்பட வேண்டும். இந்தக் கோரிக்கைகளை ரயில்வே தொழிற்சங்கங்களின் கோரிக்கைகளாக மட்டும் சுருக்கிவிடலாகாது. தினந்தோறும் நெரிசலில் பயணிக்கும் கோடிக்கணக்கான உழைப்பாளி மக்களிடம் அவற்றைக் கொண்டு சேர்ப்பது கட்சி அணிகளின் கடமை. தன் வண்டி செல்லும் தடத்தில் நட்டை முடுக்கும் தொழிலாளி யார், அவருக்கு யார் பொறுப்பு என்று பயணி கேட்கத் தொடங்கும்போதுதான் அந்தப் போராட்டம் வலுப்பெறும்.