படிக்கும் முன்பே பதிவா?

கட்டுரையின் முதல் பத்தியைத் தாண்டுவதற்குள் திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி எழுகிறது. மின்னஞ்சல் முகவரியைத் தந்தால் தள்ளுபடி உண்டாம். மறுப்பதற்கான பொத்தானிலோ ‘வேண்டாம், பணத்தைச் சேமிப்பதில் எனக்கு விருப்பமில்லை’ என்று எழுதியிருக்கிறது. வாசகனை மூடன் என்று அவனே ஒப்புக்கொள்ளும்படி செய்யும் இவ்வழக்கத்தையும் சேவை என்று வாதிடுவோர் இருக்கிறார்கள்.

‘நாங்கள் அனுமதி கேட்கிறோமே’ என்பது அவர்களது தரப்பு. 1978 மே மாதம், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் கணினிகளை விற்பதற்காக அர்ப்பாநெட்டில் ஏறத்தாழ 400 பேருக்கு விளம்பர மடல் போனபோது எவரிடமும் அனுமதி கேட்கப்படவில்லை. எரிதத்தின் வரலாறு அங்கே தொடங்குகிறது. அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் விலகிக்கொள்ள வழி வைக்கச் சொன்னதே தவிர, முன் அனுமதியை வற்புறுத்தவில்லை. அவற்றோடு ஒப்பிட்டால் கேட்பது மேல்தான். ஆனால் எப்போது கேட்கிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள்?

1999இல் வெளியான தமது நூலில் ‘அனுமதி பெற்ற விற்பனை’ என்ற கருத்தை முன்வைத்தவர் சேத் காடின். மடலைப் பெறுபவர் அதை எதிர்பார்த்திருக்க வேண்டும் என்பது அவரது நிபந்தனைகளுள் ஒன்று. இன்னும் படித்தே பார்க்காத ஒன்றை எவரால் எதிர்பார்க்க இயலும்? முன்கூட்டியே குறியிட்டு வைத்த கட்டம் சம்மதமாகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019இல் ஒரு குக்கி வழக்கில் தீர்ப்பளித்தது. மறுப்பவரைக் கூசவைத்து இணங்கச் செய்வதை, இந்திய அரசின் 2023ஆம் ஆண்டு நெறிமுறைகள் தடைசெய்யப்பட்ட 13 உத்திகளுள் ஒன்றாகவே சேர்த்திருக்கின்றன.

மின்மடலால் பயனே இல்லை என்பதல்ல என் வாதம். சமூக ஊடகங்களின் தயவை நாடாமல் ஒரு சிறு பதிப்பாளர் தம் வாசகரை நேராகச் சென்றடைய இதைவிட எளிய வழி அரிது. ஆகவேதான் கோபம் வருகிறது. வழிமறிக்கும் பெட்டிகளால் சலித்துப்போன வாசகன், நேர்மையான அழைப்பையும் அதே சலிப்போடு மூடிவிடுகிறான். பெருநிறுவனத்துக்கு அது பொருட்டில்லை. சிறு பதிப்பாளருக்கோ ஒரு வாசகரை இழப்பதாகும்.

சிறுபத்திரிகைக்குச் சந்தா கட்டியவர்கள் பெரும்பாலும் ஓர் இதழையேனும் படித்த பின்பே கட்டினார்கள். அந்த வரிசை மாறலாகாது. அழைப்பைக் கட்டுரையின் முடிவில் வையுங்கள். என்ன அனுப்புவீர்கள், எத்தனை நாளுக்கொருமுறை அனுப்புவீர்கள் என்று சொல்லுங்கள். ‘வேண்டாம்’ என்பதை வெறும் ‘வேண்டாம்’ என்றே எழுதுங்கள். அதன் பிறகும் முகவரி தருபவர் எவரோ, அவர்தான் உங்கள் வாசகர்.