தகுதியும் படியும்

யூடோக் கலையை உலகிற்கு அளித்தவர் யப்பானியப் பேராசான் ஜிகோரோ கானோ என்பதை மாணவர் பலர் அறிவர். அவருடைய மாணவி கெயிக்கோ புக்குடா அம்மையாரை அறிந்தார் மிகச் சிலரே. மற்களத்தைப் பற்றித் தமிழாசிரியன் எழுதுவானேன் என்பார்க்கு ஒன்று கூறுவேன்: அவ்வம்மையாரும் இலக்கியங் கற்றுப் பட்டம் பெற்றவரே.

அவர் 1913 இல் தோக்கியோவிற் பிறந்தார். அவர்தம் பாட்டனார், இளைஞராயிருந்த கானோவுக்கு யூயுற்சு என்னும் பழைய மற்கலையைப் பயிற்றிய ஆசான்மாருள் ஒருவர். அந்நன்றியை மறவாத கானோ, தம் ஆசானின் பேர்த்தியைத் தாமே அழைத்துக் கற்குமாறு கூறினார். எழுத்தணியும் மலரணியும் தேநீர் வழங்கும் முறையும் பயின்றிருந்த அப்பெண், 1935 இல் கோடோகான் என்னும் யூடோத் தலைமைக் கழகத்தின் பெண்கள் பிரிவிற் சேர்ந்தார். உயரம் ஐந்தடிக்கும் குறைவு. நிறையோ 100 இறாத்தல் அளவே. மணம் பேசி வந்தபொழுது, யூடோவைக் கைவிட வேண்டுமென அறிந்து அம்மணத்தை மறுத்தார்.

1953 இல் ஐந்தாம் படியை எய்தினார். அதற்குமேற் பெண்ணொருத்தி ஏறுதல் அக்கழகத்தில் வழக்கன்று. ஆடவர் ஒவ்வொருவராய் ஏறிச் செல்ல, இவர் நின்ற இடத்திலேயே நின்றார். 1964 இல் தோக்கியோ ஒலிம்பிக் விழாவில் யூடோவின் மென்மை முறையை உலகோர் முன் செய்து காட்டியவர் இவர். பின்னர் அமெரிக்கா சென்று, கலிபோர்னியாவில் மில்ஸ் கல்லூரியிற் பல்லாண்டு பயிற்றினார். ஆறாம் படியோ 1972 இலேதான் வந்தது. அதுவும் அன்பர்கள் கடிதமெழுதி வற்புறுத்திய பின்னரே. இடையிற் கழிந்தவை 19 ஆண்டுகள். தரமுயர்வுக் கடிதத்துக்குக் காத்திருந்த ஆசிரியர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அம்மையாரின் பொறுமையை வியந்து பாராட்டுவார் பலர். அப்பாராட்டு எனக்கு முழுதும் உடன்பாடன்று. பொறுமை அவருடைய குணம். தாமதமோ கழகத்தின் குற்றம். முன்னதைப் புகழ்ந்து பின்னதை மூடி மறைத்தல் முறையாகாது. படி என்பது அணிகலன் அன்று. பின்வரும் மாணவிக்கு வழி இன்னும் உளது எனக் காட்டும் கைகாட்டி மரம். அம்மரத்தை நடாது விட்டமையால், ஐந்தாம் படியே எல்லையென்றெண்ணித் திரும்பிச் சென்ற பெண்கள் எத்தனை பேரோ!

பெண்கள் போட்டியிற் பொருதவில்லையே, உயர்படி எங்ஙனம் வழங்குவது என வாதிப்பாருமுளர். போட்டிக் கதவை அடைத்து வைத்தவர் யார்? ஒலிம்பிக்கில் ஆடவர் யூடோ 1964 இலே தொடங்கியது. மகளிர் பதக்கத்துக்குப் பொருதியது 1992 இலேதான். ஓடவிடாது தடுத்துவிட்டு, ஓடவில்லையே எனக் குறைகூறுதல் என்ன நீதி? எனினும் இக்குறையைக் கானோமீது சுமத்த நான் ஒருப்படேன். பெண்களுக்கு இக்கலையைக் கற்பிக்க முன்வந்தவர் அவர். 1938 இலேயே மறைந்துவிட்டார். வாயிலைத் திறந்தவர் அவர். படிக்கட்டை மறித்தோர் பின்வந்தோர்.

2006 இல், தமது 92 வயதில், அம்மையார் கோடோகானின் ஒன்பதாம் படியைப் பெற்றார். 2011 இல் அமெரிக்க யூடோச் சங்கம் பத்தாம் படியை வழங்கியது. அதற்குமுன் எப்பெண்ணும் அதனைப் பெற்றதில்லை. முதுமையிலும் களத்தருகே கதிரையில் அமர்ந்து கற்பித்து வந்தவர், 2013 மாசி மாதத்தில், 99 வயதில், சான் பிரான்சிஸ்கோ நகரிற் காலமானார். கோடோகானின் பத்தாம் படி அதுவரை அவருக்கு வந்து சேரவில்லை.