பள்ளிவாசல் இலவச விடுதியன்று: இலங்கைப் பயணம் திட்டமிடும் இளைஞர்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும்



அண்மைக் காலமாக நம் வட்டார இளைஞர்களிடம் ஒரு புதிய ஆவலைக் காண்கிறோம். கங்கைகொண்டான் சிப்காட் ஆலைகளில் வேலை பார்ப்போரும், பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் பயில்வோரும் முதுகில் ஒரு பை, கையில் சிறு தொகை, இவற்றோடு அயல்நாடு ஒன்றைச் சுற்றிவர விரும்புகின்றனர். 'பேக்பேக்கிங்' என்று அதற்குப் பெயர். பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது இலங்கையை. அருகிலுள்ள நாடு, தமிழ் பேசும் மக்களும் ஹலால் உணவும் உண்டு, நம் ஒரு ரூபாய்க்கு அந்நாட்டு ரூபாய் மூன்றுக்கு மேல் கிடைக்கிறது. இச்செய்தி வீட்டுக்குத் தெரியவந்ததும் தாய் அழுவதும், தந்தை வளைகுடாவிலிருந்து தொலைபேசியில் கடிந்துகொள்வதும், பின்பு இரு தரப்பாரும் ஆலிம்களிடம் தீர்ப்புக் கேட்டு வருவதும் வழக்கமாகிவிட்டன.

போகலாமா என்று கேட்டால், போகலாம் என்பதே நம் கருத்து. பூமியில் பயணம் செய்து, படைப்பு எவ்வாறு தொடங்கிற்று என்பதையும் முன்னோர் கதி என்னவாயிற்று என்பதையும் பார்க்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் பணிக்கிறது. 'வெட்டிச் செலவு' என்று சொல்லும் பெற்றோரிடம் நாம் திருப்பிக் கேட்பது ஒன்றுண்டு. ஒரே நாளில் முடியும் திருமண விருந்துக்குப் பல இலட்சங்களைக் கடன்பட்டுச் செலவிடும்போது வராத இந்தக் கவலை, பையன் தன் ஊதியத்தில் மிச்சம்பிடித்த இருபத்தைந்தாயிரத்துக்கு மட்டும் ஏன் வருகிறது? இருபது ஆண்டுகள் ரியாதிலும் துபாயிலும் உழைத்த நம் வாப்பாமார் பலர் தொழிலாளர் குடியிருப்பையும் பணியிடத்தையும் அன்றி அந்நாடுகளில் வேறெதையும் பார்த்ததில்லை. அந்தத் தியாகத்தை மதிக்கிறோம். ஆயினும் மகனும் அவ்வாறே வாழ்ந்து முடிக்க வேண்டும் என்பது மார்க்கச் சட்டமன்று.

இலங்கைக்குப் போவது நம் தாமிரபரணிக் கரையாருக்குப் புதிதும் அன்று. 1876இல் தூத்துக்குடிவரை இருப்புப்பாதை வந்த பின்னர், கங்கைகொண்டானில் இரயிலேறி மணியாச்சியில் மாறி, தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பு சேர முடிந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் தனுஷ்கோடி – தலைமன்னார் வழி முதன்மை பெற்றது. 1964 டிசம்பர் புயல் அதை அழித்தது. கொழும்புப் புறக்கோட்டையில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசலை 1908–09இல் எழுப்பியோர் அங்கே வணிகம் செய்த இந்திய முஸ்லிம்களே. அவர்கள் தங்கள் பொருளைக் கொண்டுபோய் அங்கே பள்ளிவாசல் கட்டினர். இன்று போகும் நம் பிள்ளைகளுடைய கணக்கு வேறு வகையாய் இருக்கிறது.

நம்மிடம் ஓதிய மாணவர் மூவர் சென்ற மாதம் தம் திட்டத்தை எழுதி எடுத்து வந்தனர். பத்து நாள், தலைக்கு இருபத்தைந்தாயிரம் ரூபாய். பாஸ்போர்ட், மின்னணு விசா அனுமதி, போக்குவரத்து, கைப்பேசி சிம் எனப் பலவற்றையும் சிரத்தையோடு ஆராய்ந்திருந்தனர், அதைப் பாராட்டினோம். தங்குமிடம் என்ற வரியில் மட்டும் 'பள்ளிவாசல் – 0' என்றிருந்தது. இரவு உணவுக்கு எதிரே 'ஜமாஅத்தார் தருவார்கள் – 0' என்று ஏழு நாளுக்கு எழுதியிருந்தனர். "ஹஜ்ரத், முஸாஃபிருக்கு உபசரிப்பது ஸுன்னத்துதானே?" என்று கேட்டார் ஒருவர்.

இக்கட்டுரைக்குக் காரணம் அந்தப் பூஜ்யமே.

உபசரிப்பது வீட்டாருக்கு ஸுன்னத்து. அதை முன்கூட்டியே வரவாக எழுதிக்கொள்வது விருந்தினருக்கு ஸுன்னத்தாகாது. விருந்தோம்பலுக்கு மூன்று நாள் எல்லை வகுத்து, அதற்கு மேற்பட்டது தர்மம் என்று கூறிய நபி (ஸல்) அவர்கள், வீட்டாரைச் சங்கடப்படுத்தும் அளவுக்கு ஒருவர் தங்குவது ஆகுமானதன்று எனவும் விளக்கியுள்ளார்கள். முதற்பாதியை மனப்பாடமாகச் சொல்லும் நம் இளைஞர்கள் பிற்பாதியை ஓதுவதில்லை.

இதைவிடத் தெளிவான முன்னுதாரணமும் நம்மிடம் உண்டு. அக்காலத்தில் யமன் நாட்டார் சிலர் வழிச்செலவுக்கு ஏதும் எடுத்துக்கொள்ளாமல் ஹஜ்ஜுக்குப் புறப்படுவர்; தாங்கள் அல்லாஹ்வின்மீதே முழுப் பொறுப்பையும் சாட்டியவர்கள் என்பர்; மக்காவை அடைந்ததும் மக்களிடம் கையேந்துவர். அவர்கள் விஷயமாகவே, வழிக்குத் தேவையானதைச் சேர்த்து எடுத்துக்கொள்ளுமாறு கட்டளையிடும் அல்பகரா அத்தியாயத்தின் 197ஆம் வசனம் அருளப்பட்டது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்ததை புகாரியில் காண்கிறோம். அவர்கள் சென்றது ஹஜ் என்னும் கடமைக்கு. அதற்கே அனுமதியில்லாத ஒன்று, உல்லாசத்துக்கும் ஊர் பார்த்தலுக்கும் எப்படி அனுமதியாகும்?

ஜகாத்தின் எட்டுப் பங்கில் ஒன்று வழிப்போக்கருக்கு உரியதாயிற்றே என்பார் சிலர். வழியில் பொருளிழந்து தவிப்பவருக்கு உரிய பங்கு அது. தவிக்கப்போவதையே திட்டமாக வகுத்துப் புறப்பட்டவர் அந்தப் பட்டியலில் இடம்பெறார்.

நேர்மைக்காக மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பள்ளிவாசலில் உறங்குவது ஹராம் என்று நாம் கூறவில்லை. திண்ணைத் தோழர்கள் நபிப்பள்ளியில்தான் வாழ்ந்தார்கள்; இப்னு உமர் (ரலி) அவர்கள் மணமாகாத இளமையில் அங்கே உறங்கியிருக்கிறார்கள்; ஹனஃபி அறிஞர்களும் ஊரில் ஒதுங்க இடமற்ற அந்நியருக்கு விலக்களித்துள்ளனர். கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட ஓர் இரவில் மோதினாரிடம் அனுமதி கேட்டுத் தலைசாய்ப்பது வேறு. கங்கைகொண்டானிலேயே உட்கார்ந்துகொண்டு ஏழு இரவுக்கும் ஏழு பள்ளிவாசலை வரைபடத்தில் குறித்துக்கொள்வது வேறு.

அந்த மோதினாரின் நிலையையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பின், அக்கொடுமையில் எப்பங்கும் இல்லாத இலங்கை முஸ்லிம்கள் பெரும் சந்தேகத்துக்கு ஆளாயினர். அடுத்த மாதமே குருநாகல், மினுவாங்கொடைப் பகுதிகளில் அவர்தம் பள்ளிவாசல்களும் கடைகளும் தாக்கப்பட்டன. கொரோனாக் காலத்தில் அவர்கள் தம் ஜனாஸாக்களை அடக்கம் செய்யும் உரிமையையும் இழந்து, 2021 தொடக்கம்வரை எரியூட்டலைச் சகித்தனர். அத்தகைய சமூகத்தின் ஒரு சிற்றூர்ப் பள்ளியில், தாடி வைத்த வெளிநாட்டு இளைஞர் மூவர் எவ்விதப் பதிவுமின்றி இரவு தங்கினால், நாளை கேள்வி எழும்போது பதில் சொல்லப்போவது யார்? நம் பிள்ளைகள் அப்போது எல்லாவில் தேயிலைத் தோட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டிருப்பர். நிர்வாகத்தார் தயங்கினால் அதை ஈமான் குறைவு என்று எழுதிப் பரப்புவதும் நடக்கிறது. இது பெரும் அநீதி.

உணவு விஷயமும் அவ்வாறே. 2022 ஏப்ரலில் அந்நாடு தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அறிவித்தது. எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றனர். அந்நெருக்கடியின் வடு குடும்பங்களில் இன்னும் ஆறவில்லை. அங்குள்ள முஸ்லிம்கள் விருந்தினருக்கு முன் ஸஹனில் சோறு பரப்பி, வட்டிலப்பமும் வைத்து, வீட்டில் குறைவிருப்பதைக் காட்டிக்கொள்ளவே மாட்டார்கள். காட்டிக்கொள்ளாதவர்களிடம்தான் நாம் கூடுதலாக வெட்கப்பட வேண்டும். ஆட்டோக்காரரிடம் நூறு இலங்கை ரூபாய்க்கு அரைமணி நேரம் பேரம் பேசுவதைத் திறமையாகக் காணொளியில் காட்டுவோரையும் பார்க்கிறோம். நம் பணத்தில் அது முப்பது ரூபாயளவு. வாங்கும்போதும் விற்கும்போதும் பெருந்தன்மை காட்டுபவருக்காக நபி (ஸல்) அவர்கள் துஆ செய்துள்ளார்கள் என்பதை இவர்கள் அறியாதவர்களும் அல்லர்.

இப்னு பதூதாவைத் தங்கள் முன்மாதிரியாக அம்மூவரும் குறிப்பிட்டனர். அவர் 1325இல் தாஞ்சியரிலிருந்து புறப்பட்டவர். 1344இல் இலங்கைக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறியவர். பின்பு நம் மஃபர் கரையில் இறங்கி மதுரை சுல்தானிடமும் தங்கியவர். பெரும் பயணி என்பதில் ஐயமில்லை. எனினும் செலவைச் சுருக்கிப் பயணம் செய்தவர் அல்லர். மன்னர்களின் கொடையில் பயணம் செய்தவர். தந்தை இறந்து பதினைந்து ஆண்டு கழித்தே 1348இல் திமிஷ்கில் அச்செய்தியை அறிந்தார். ஊரை நெருங்கும்போது, தாயைக் கொள்ளைநோய் கொண்டுபோயிருந்தது. கைப்பேசி இருக்கும் இக்காலத்திலும் மூன்று நாள் வீட்டுக்கு அழைக்காத பிள்ளைகள் உண்டு.

நாம் முன்னிறுத்துவது ஜாபிர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்களை. ஒரேயொரு நபிமொழியைக் கேட்டறிய ஷாம் நாட்டுக்கு ஒரு மாதம் பயணம் செய்தார்கள். அதற்கென ஓர் ஒட்டகத்தைத் தம் பொருளில் வாங்கிக்கொண்டு புறப்பட்டார்கள்.

ஆகவே அந்தத் தாளை அம்மூவரோடும் அமர்ந்து மீண்டும் எழுதினோம். பத்து நாள் ஏழு நாளாயிற்று. தங்குமிடத்துக்கும் இரவு உணவுக்கும் உண்மையான தொகை இட்டோம். எளிய விடுதியில் மூவருக்கு ஓர் அறை போதும். பகலுக்கு முஸ்லிம் உணவகத்தில் சோற்றுப் பொதி, இரவுக்குக் கொத்து ரொட்டி, இடையில் பிளேன்டீ. இதில் பசி இராது. எவரேனும் விருந்துக்கு அழைத்தால் மகிழ்வோடு செல்லலாம், ஆனால் வெறுங்கையோடு அன்று. பத்தமடைப் பாய் ஒன்றும் திருநெல்வேலி அல்வாப் பொதி இரண்டும் பையில் இருக்கட்டும் என்றோம். அல்வா இரண்டு நாள்கூடத் தாங்காது, வழியிலேயே தீர்ந்துவிடும் என்றார் ஒருவர், அதுவும் உண்மையே. நோய், விபத்து ஆகியவற்றுக்கென ஒரு தொகையைத் தனியே வைத்தோம். வட்டிக்குக் கடன் வாங்கியோ, 'இப்போது பயணம் செய், பின்னர் செலுத்து' என்னும் தவணைத் திட்டத்திலோ இத்தொகை வரக்கூடாது. பணம் சேரும்வரை பயணம் காத்திருக்கும்.

காலத்தையும் மாற்ற நேர்ந்தது. குற்றாலத்தில் நமக்குச் சாரல் தரும் அதே தென்மேற்குப் பருவக்காற்று, கொழும்பு, காலி, பேருவளை ஆகிய மேற்கு, தென்மேற்குக் கரைகளில் பெருமழையாய்ப் பெய்கிறது. அம்மாதங்களில் கிழக்கே காத்தான்குடி, பொத்துவில் பக்கம் வெயிலாய் இருக்கும். மார்கழி, தை மாதங்களில் இது தலைகீழ். மலையகத்தில் மழைக்காலத்தில் மண்சரிவால் இரயில் நிற்பதும் உண்டு. 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலும் வடகிழக்குப் பருவத்தை நம்பி முன்பதிவு செய்யத் தக்கதன்று. மதுரையிலிருந்து கொழும்புக்குச் செல்லும் விமானத்தின் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

தொழுகை குறித்துச் சில சொற்கள். ஏறத்தாழ எண்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயண நோக்கத்தோடு ஊரெல்லையைக் கடந்ததும் கஸ்ர் தொடங்கிவிடும். ஓரிடத்தில் பதினைந்து நாள் தங்க நாடினால்தான் ஹனஃபிகளுக்கு அது நீங்கும். ஷாஃபிகளுக்கோ, சென்ற நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாள். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபிகள். அங்கே அஸ்ர் பாங்கு ஹனஃபி நேரத்துக்கு முன்பே ஒலிக்கும். ஃபஜ்ரில் குனூத் ஓதுவர். பயணிகள் இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவர். இவற்றைக் கண்டு வாதிடப் போகக்கூடாது. ஊர் இமாமைப் பின்பற்றித் தொழும்போது நான்கு ரக்அத்தையும் நிறைவு செய்யவேண்டும். மூவரில் ஒருவரைத் தலைவராக ஆக்கிக்கொள்வது நபிவழி. பணப்பையும் அவரிடமே இருப்பது நலம். பாவா ஆதம் மலை 2,243 மீட்டர் உயரமுள்ளது; ஏறுவோர் அதை அல்லாஹ்வின் படைப்பாகக் கண்டு ஏறட்டும். அங்குள்ள அடிச்சுவட்டுக்குக் குர்ஆனிலோ ஆதாரபூர்வமான நபிமொழியிலோ சான்றில்லை. அதை நன்மை நாடும் ஜியாரத்தாக ஆக்கிக்கொள்ள வேண்டாம்.

எஞ்சியது பெண்பிள்ளைகள் பற்றிய கேள்வி. அம்மூவரில் ஒருவருடைய தங்கையும் வரவிரும்புவதாகப் பின்னர் அறிந்தோம். வீட்டில் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. மஹ்ரமோடு செல்லுதல் என்ற நிபந்தனை அவளது ஆசையை மறுப்பதற்குரிய சாக்காக ஆகிவிட்டது. உடன் அழைத்துச் செல்லவேண்டிய பொறுப்பு ஆண்களுடையது என்பதை மறந்துவிட்டோம். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் பதினாறாம் வயதில் முதன்முதலாக நெடும்பயணம் மேற்கொண்டது தாயாரோடும் சகோதரரோடும்தான். இந்த அண்ணனும் நண்பர்களோடு ஏழு நாள் சுற்றுவதற்குப் பதிலாக, உம்மாவையும் தங்கையையும் அழைத்துக்கொண்டு நான்கு நாள் கொழும்பும் கண்டியும் பார்த்துவரலாம். செலவு கூடும், இரண்டு அறை வேண்டும், மலையேற்றம் இராது. அவருக்கு அது உவப்பாக இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. உம்மாவுக்குப் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்டோம். இல்லையாம். விண்ணப்பிக்க வேண்டிய ஆவணங்களை எழுதிக் கொடுத்திருக்கிறோம்.